யசீது யார், சஃபவி யார்: ஈராக்கில் அரசியல் பேச்சு மதப்பிரிவைப் பகையாக்கிய கதை

2015 மே மாதம் ஈராக்கின் ரமாதி நகரம் ஐ.எஸ். அமைப்பின் கையில் விழுந்தது. அதை மீட்கக் கிளம்பிய ஹஷ்த் அஷ்ஷஅபி என்ற துணைப்படை, பெரும்பாலும் ஷியா இளைஞர்களால் ஆனது, தன் நடவடிக்கைக்கு 'லப்பைக் யா ஹுசைன்' என்று பெயர் வைத்தது. 'இதோ வந்துவிட்டோம் ஹுசைனே' என்று அர்த்தம். ரமாதியோ அன்பார் மாகாணத்தின் தலைநகர், அங்கே வாழ்கிறவர்கள் அநேகமாக எல்லோருமே சன்னி முஸ்லிம்கள். இந்தப் பெயர் நல்லதுக்கில்லை என்று அமெரிக்க ராணுவத் தலைமையகம் சொன்னது. அதைவிட முக்கியமாக, ஷியா தலைவரான முக்ததா அல்சதரே இந்தப் பெயர் வேண்டாம், தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்த்தார். உடனே பெயர் 'லப்பைக் யா ஈராக்' என்று மாறியது.

ஹுசைன் நபிகளின் பேரர். சன்னிகளும் அவரை நேசிக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். ஆக அந்த வாசகத்தில் வசை என்று எதுவுமே கிடையாது. ஆனால் கி.பி. 680இல் கர்பலாவில் ஹுசைனைக் கொன்றது அன்றைய கலீஃபா யசீதின் படை என்பது ஈராக்கில் குழந்தைக்கும் தெரியும். ஹுசைன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு படை சன்னி ஊருக்குள் வருகிறது என்றால், ஊருக்குள் இருக்கிறவன் யார் என்ற கேள்விக்குப் பதில் தானாகவே வந்துவிடுகிறது. எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே அவனுக்கும் ஒரு பெயர் சூட்டியாகிவிட்டது. மேற்காசிய அரசியலில் 'சன்னி ஷியா மோதல்' என்று நம் செய்தித்தாள்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிற விஷயத்தின் நுட்பம் இதில்தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: இது 1,400 வருடச் சண்டை, நபிகள் 632இல் காலமானதும் அடுத்த தலைமை யாருக்கு என்பதில் தொடங்கியது, அப்போதிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், இனியும் அப்படித்தான். எனக்கு இந்த விளக்கத்தின் மேல் நிஜமாகவே கோபம் உண்டு. ஏனென்றால் இதை நம்பிவிட்டால் எந்த அரசியல்வாதியும் எதற்கும் பொறுப்பாளி ஆகமாட்டான். கருத்து வேறுபாடு உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. தொழும் முறையில், சட்ட மரபில், வரலாற்றில் யாரை மதிப்பது என்பதில் வித்தியாசம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு முதல் துருக்கியின் சன்னி உதுமானியர்களும் ஈரானின் ஷியா வம்சமான சஃபவிகளும் ஈராக் மண்ணுக்காகப் பலமுறை போரிட்டிருக்கிறார்கள், அப்போதும் இந்த வித்தியாசத்தைத்தான் இரண்டு தரப்பும் கொடியாகப் பிடித்தது. ஆனால் வித்தியாசம் வேறு, பகை வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக யாராவது வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

ஈராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு ஈராக்கின் அரபுக் குலங்களில் பல, 18, 19ஆம் நூற்றாண்டுகளில்தான் பெருமளவில் ஷியா ஆயின. அதனால் ஷம்மர், ஜுபூர் போன்ற பெரிய குலங்களில் இன்றும் சன்னிக் கிளையும் உண்டு, ஷியாக் கிளையும் உண்டு, கொள்ளுத்தாத்தா ஒருவர்தான். 1920இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது பாக்தாதின் பள்ளிவாசல்களில் நபிகளின் புகழ் பாடும் சன்னிகளின் மவ்லிதையும் ஷியாக்களின் ஹுசைன் நினைவுக் கூட்டத்தையும் சேர்த்தே நடத்தினார்கள். பாக்தாதில் கலப்புத் திருமணம் சகஜம். பின்னாளில் சதாம் உசேனின் கட்சியாகவே ஆகிப்போன பாத் கட்சியை ஈராக்கில் ஆரம்பத்தில் வளர்த்தெடுத்த ஃபுவாத் அல்ரிகாபி ஒரு ஷியா. அன்றைக்கு அது யாருக்கும் செய்தியாகத் தோன்றவில்லை.

இன்னொரு உதாரணம், எனக்கு மிகவும் பிடித்தமானது, யெமனில் இருக்கிறது. 1962இல் யெமனின் இமாமை ராணுவம் கவிழ்த்தது. புரட்சிக்காரர்களுக்கு எகிப்தின் நாசர் படை அனுப்பினார், இமாமுக்குச் சவூதி அரேபியா பணமும் ஆயுதமும் கொடுத்தது. அந்த இமாம் ஸைதி, அதாவது ஷியாவின் ஒரு பிரிவைச் சேர்ந்தவர். சவூதி மன்னர் குடும்பத்துக்கு அன்றைக்கு அது ஒரு பிரச்சினையாகவே இல்லை. அவர்களுடைய பயம் குடியரசுக்காரர்கள் மேல். ஈரானின் ஷாவும் சவூதியும் அந்த விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். அதே யெமன், அதே ஸைதிகளிலிருந்து வந்த ஹூதிகள் மேல், 2015இல் அதே சவூதி விமானத்தில் போய்க் குண்டு போட்டபோது, அதை ஷியா விரிவாக்கத்துக்கு எதிரான போர் என்று பல மேடைகளிலும் தொலைக்காட்சிகளிலும் பேசினார்கள். ஸைதிகளின் மார்க்க நம்பிக்கை இந்த 53 வருடத்தில் புரண்டுவிடவில்லை. எதிரி யார் என்ற கணக்குதான் மாறியது. 1959இல் கெய்ரோவின் சன்னிக் கல்விப்பீடமான அல்அஸ்ஹரின் தலைவர் மஹ்மூத் ஷல்தூத், ஷியாக்களின் ஜஅஃபரி மத்ஹபை, அதாவது சட்ட மரபை, பின்பற்றுவதும் செல்லும் என்று ஃபத்வா கொடுத்ததும் இந்தக் காலத்தில்தான்.

சரி, அப்படியானால் எப்போது மாறியது? ஷாவைக் கவிழ்த்து ஷியா மதகுருக்களை ஆட்சிக்குக் கொண்டுவந்த 1979 ஈரான் புரட்சி ஒரு முக்கியத் திருப்பம், அதில் சந்தேகமில்லை. ஆனால் புரட்சியை விடவும், அதற்கு அக்கம்பக்கத்து அரசுகள் தேர்ந்தெடுத்த மொழிதான் நீண்ட காலத்துக்கு நின்றது.

1980 செப்டம்பர் 22 அன்று சதாம் ஈரானுக்குள் படையை அனுப்பினார். அவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. அவருடைய தரைப்படையின் சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஷியாக்கள், எதிர்ப்பக்கத்திலும் ஷியாக்கள். 'ஷியாக்களோடு போர்' என்று அவரால் வாயைத் திறக்கவே முடியாது. அதனால் அவர் பிடித்தது 7ஆம் நூற்றாண்டின் காதிசிய்யா. அரபு முஸ்லிம்கள் பாரசீக சாசானியப் பேரரசைத் தோற்கடித்த போர் அது. ஈரானோடு நடந்த எட்டு வருடப் போருக்கும் அரசு வைத்த பெயர் 'சதாமின் காதிசிய்யா'. ஈரானியர்கள் 'மஜூஸிகள்', அதாவது நெருப்பை வணங்கியவர்களின் வாரிசுகள். இந்தப் பேச்சில் ஈராக்கிய ஷியாவுக்கு ஓர் இடம் கொடுக்கப்பட்டது: நீ அரபு, உன் முன்னோர் காதிசிய்யாவில் வென்றவர்கள், எதிரே நிற்பவன் பாரசீகன். அதோடு நிற்காமல் சதாம் ஷியாக்களின் புனித நகரங்களான நஜஃபுக்கும் கர்பலாவுக்கும் போய்த் தொழுதார், தன் வம்சாவளி ஹுசைனின் தந்தை அலீயிடம் போய்ச் சேர்வதாக ஒரு மரவரைபடத்தையும் வெளியிட்டார்.

எதிர்ப்பக்கம் கொமெய்னியின் ஈரான் சதாமை யசீது என்றது. ஜெருசலேமுக்குப் போகும் வழி கர்பலா வழியாகத்தான் என்று முழங்கியது, படையெடுப்புகளுக்குக் 'கர்பலா' என்று வரிசை எண்ணோடு பெயர் வைத்தது. ஈராக்கிய ஷியாக்கள் எழுந்து தங்களோடு சேர்வார்கள் என்று தெஹ்ரான் எதிர்பார்த்தது. ஈரானின் கூஸஸ்தானில் வாழும் அரபுக்கள் எழுந்து தங்களோடு சேர்வார்கள் என்று பாக்தாத் எதிர்பார்த்தது. இரண்டுமே நடக்கவில்லை. ஈராக்கிய ஷியாக்கள் எட்டு வருடம் ஈரானை எதிர்த்துச் சண்டை போட்டார்கள், கூஸஸ்தான் அரபுக்கள் பெருமளவில் சதாமை வரவேற்கவில்லை. மதப்பிரிவுதான் ரத்தத்தில் ஓடுகிறது என்பவர்கள் இந்த எட்டு வருடத்தைக் கட்டாயம் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஆனால் 'பாரசீகன்' என்ற அந்தச் சொல்லுக்கு உள்நாட்டிலும் ஒரு வேலை இருந்தது. 1924ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டம் ஈராக்கியர்களை உதுமானியச் சார்பு, ஈரானியச் சார்பு என்று இரண்டாகப் பதிவு செய்திருந்தது. உதுமானியர் காலத்தில் ராணுவச் சேவையிலிருந்து தப்பிக்க எத்தனையோ அரபு ஷியாக் குடும்பங்கள் ஈரானியச் சார்பு என்று எழுதிக்கொண்டிருந்தன. தாத்தா காலத்தில் யாரோ நிரப்பிய அந்தக் காகிதம் 1980இல் உயிர் பெற்றது. ஃபைலி குர்துகளும் மற்ற ஷியாக் குடும்பங்களும் குடியுரிமை பறிக்கப்பட்டு, கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார்கள். அவர்களின் இளைஞர்கள் பலரைப் பிடித்து வைத்தார்கள், திரும்பி வரவே இல்லை. 1981இல் ஓர் ஆணை வந்தது: ஈரானியச் சார்புள்ள மனைவியை விவாகரத்து செய்கிறவர் ராணுவத்தில் இருந்தால் 4,000 தினார், சாதாரணக் குடிமகனாக இருந்தால் 2,500 தினார். மேடையில் பேசுகிற பேச்சு வெறும் பேச்சுதானே என்பவர்களுக்கு இதைவிடப் பச்சையான பதில் என்னிடம் இல்லை. படுக்கையறைக்குள்ளே போய் விலை பேசியிருக்கிறது.

1991 மார்ச்சில், குவைத் போரில் தோற்ற கையோடு, தெற்கே மக்கள் கிளர்ந்தார்கள். அந்தக் கிளர்ச்சியை அடக்க நஜஃபுக்கும் கர்பலாவுக்கும் வந்த டாங்கிகளில் 'இன்றைக்குப் பிறகு ஷியா இல்லை' என்று எழுதியிருந்ததாக அங்கிருந்து தப்பியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஏப்ரலில் பாத் கட்சியின் அஸ்ஸவ்ரா நாளிதழ், பெயர் போடாமல் ஒரு கட்டுரைத் தொடர் வெளியிட்டது. தெற்கின் சதுப்புநில மக்கள் அரபுக்களே இல்லை, 8ஆம் நூற்றாண்டில் சிந்துவை வென்ற முஹம்மது பின் காசிம் காலத்தில் எருமைகளோடு சேர்த்து இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்று அதில் எழுதினார்கள். பத்து வருடம் முன்னால் காதிசிய்யாவின் வாரிசாக இருந்தவன் இப்போது எருமையோடு வந்தவன். இத்தனைக்கும் அவனுடைய அண்ணன் தம்பிகள் அந்தப் போரில் செத்திருக்கிறார்கள்.

2003இல் அமெரிக்கா வந்து சதாமைக் கவிழ்த்ததும் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். மாறாக, மறைமுகமாக இருந்தது ஆட்சிமுறையாகவே ஆனது. ஜூலையில் அமைத்த ஆளும் குழுவில் 25 பேர்: 13 ஷியா, 5 சன்னி அரபு, 5 குர்து, ஒரு துருக்மன், ஓர் அசிரியக் கிறிஸ்தவர். மக்கள்தொகைக் கணக்குப்படி நியாயமாகப் பங்கு போட்டதாக அமெரிக்கர்கள் நினைத்தார்கள். அந்தக் குழுவில் ஈராக் கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளர் ஹமீது மஜீது மூசாவும் இருந்தார். அவரை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் தெரியுமா? ஷியா கணக்கில். வாழ்நாள் முழுக்க வர்க்கம் பேசிய ஒரு கட்சியின் தலைவருக்கே அவர் பிறந்த பிரிவுதான் அரசியல் முகவரி என்று அந்தப் பட்டியல் சொல்லிவிட்டது. ஈராக்கியர்கள் இதை 'முஹாஸஸா' என்கிறார்கள், பங்கு பிரிப்பு. அமைச்சகங்கள் பிரிவுவாரியாகப் போயின, அமைச்சகத்தோடு வேலைகள் போயின, வேலைகளோடு ஒப்பந்தங்கள் போயின. குடியரசுத் தலைவர் குர்து, பிரதமர் ஷியா, நாடாளுமன்ற சபாநாயகர் சன்னி என்பது அரசியலமைப்பில் எழுதப்படாமலே வழக்கமாகிவிட்டது.

பேச்சு மட்டும் ஆளை மாற்றாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு வேலைக்கு, ஒரு படுக்கைக்கு மருத்துவமனையில், ஒரு கைதியை விடுவிக்க, எந்தப் பிரிவுக் கட்சியின் வாசலில் நிற்க வேண்டும் என்று ஆகிவிட்ட நாட்டில், அந்தக் கட்சியின் மேடைப் பேச்சுக்கு வேறு கனம் வருகிறது. 2005 ஜனவரித் தேர்தலில் நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக்கினார்கள். உள்ளூர்ப் பிரச்சினை பேச இடமே இல்லை, ரோடு, தண்ணீர், மின்சாரம் எதுவும் எடுபடவில்லை. ஷியாக் கட்சிகளின் கூட்டணி 169ஆம் எண் பட்டியலாக நின்றது, சுவரொட்டிகளில் ஷியாக்களின் தலைமை மதகுரு அயதுல்லா சிஸ்தானியின் படம். சன்னிகளில் பெரும்பாலோர் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அந்தத் தேர்தலில் அமைந்த அவையின் பொறுப்பில்தான் புதிய அரசியலமைப்பு எழுதப்பட்டது.

இதற்குள் ஜர்காவி வந்துவிட்டார். அல்காயிதாவின் ஈராக் கிளையை நடத்திய இந்த ஜோர்டான்காரர் எழுதியதாக 2004 ஆரம்பத்தில் ஒரு கடிதம் பிடிபட்டது. ஷியாக்களைத் தாக்கி, அவர்கள் பதிலுக்குத் தாக்கும்படி செய்தால்தான் தூங்கிக்கொண்டிருக்கும் சன்னிகள் விழிப்பார்கள் என்று அதில் திட்டம் தெளிவாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், சன்னிகளிடம் ஷியா வெறுப்பு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தால் அவருக்கு இந்தத் திட்டமே தேவைப்பட்டிருக்காது. அது இல்லை என்பதுதான் அவருடைய குறையே. 2005 ஆகஸ்ட் 31 அன்று பாக்தாதில், ஷியாக்களின் காளிமிய்யாவையும் சன்னிகளின் அதமிய்யாவையும் இணைக்கும் இமாம்கள் பாலத்தில் யாத்ரீகர் கூட்டம் நெரிசலில் சிக்கி 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது அதமிய்யாவிலிருந்து ஒரு சன்னி இளைஞர் டைக்ரிஸ் நதியில் குதித்து, ஷியா யாத்ரீகர்களை ஒவ்வொருவராகக் கரைக்கு இழுத்து, கடைசியில் தானே மூழ்கிப் போனார். இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 14 அன்று, ஜர்காவி ஷியாக்கள் மேல் முழுப்போர் அறிவித்தார்.

2006 பிப்ரவரி 22 அன்று அல்காயிதாவினர் சமாராவின் அஸ்கரி தர்காவின் தங்கக் குவிமாடத்தைத் தகர்த்தார்கள். சமாரா சன்னி நகரம், ஷியாக்களின் அந்தத் தலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்தவர்கள் அந்த ஊர்ச் சன்னிகள். அப்புறம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கேட்டு, உமர் என்று பெயர் இருந்தால் சன்னி என்று ஒரு பக்கத்தார் கொன்றார்கள், அலீ என்று இருந்தால் ஷியா என்று மறுபக்கத்தார் கொன்றார்கள். ஆட்கள் இரண்டு அட்டை வைத்துக்கொண்டு திரிந்தார்கள், எந்தச் சாவடியில் எதை நீட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். தெருவில் ரத்தம் ஓடிய அந்த நாட்களில் சிஸ்தானி சொன்னதாக ஒரு வாசகம் அரபு உலகம் முழுக்கப் பரவியது: சன்னிகளை நம் சகோதரர்கள் என்று சொல்லாதீர்கள், நாமே என்று சொல்லுங்கள். பகையை வளர்க்கிற பேச்சுக்கு அந்த வருடங்களில் வந்த பதில்களில் இதுபோல் கூர்மையானது வேறில்லை. ஆனால் அந்த நேரத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைக் கேட்கவில்லை.

வெளியே அரபுத் தலைவர்கள் எண்ணெய் ஊற்றினார்கள். ஜோர்டான் மன்னர் அப்துல்லா 2004 டிசம்பரிலேயே, ஈரானிலிருந்து லெபனான் வரை ஒரு 'ஷியா பிறை' உருவாகிறது என்று எச்சரித்திருந்தார். எகிப்தின் முபாரக் 2006 ஏப்ரலில் தொலைக்காட்சியில், ஷியாக்களில் பெரும்பாலோர் தாங்கள் வாழும் நாட்டைவிட ஈரானுக்குத்தான் விசுவாசமானவர்கள் என்றார். பஹ்ரைனில், குவைத்தில், சவூதியின் கதீஃபில், கர்பலாவில் வாழும் லட்சக்கணக்கான ஆட்களின் தேசப்பற்றை ஒரே வாக்கியத்தில் ரத்து செய்துவிட்டார். இப்படிச் சந்தேகப்பட்டுப் பேசப் பேச, பயந்தவன் வேறு வழியில்லாமல் ஈரானிடமே போய் நிற்பான், உடனே 'பார், நான் அப்போதே சொன்னேன்' என்று காட்டலாம்.

பெயரைச் சொல்லாமல் சொல்கிற கலை இதில் முக்கியம். பொறுப்பில் இருக்கிற யாரும் 'ஷியாக்களை வெறுக்கிறேன்' என்றோ 'சன்னிகளை ஒழிப்போம்' என்றோ சொல்வதில்லை. ஒரு பக்கம் 'சஃபவி' என்பார்கள், 1501இல் ஈரானில் ஆட்சிக்கு வந்து ஷியாவை அரச மதமாக்கிய வம்சத்தின் பெயர். மறுபக்கம் 'தக்ஃபீரி' என்பார்கள், பிற முஸ்லிம்களைக் காஃபிர் என்று தீர்ப்பு சொல்கிறவன் என்று அர்த்தம், அல்லது 'பாத் எச்சம்' என்பார்கள். கேட்டால், நாங்கள் சொன்னது ஈரான் கைக்கூலிகளை மட்டும்தான், நாங்கள் சொன்னது பயங்கரவாதிகளை மட்டும்தான் என்று கைகழுவிக்கொள்ளலாம். கேட்கிறவனுக்கோ யாரைச் சொல்கிறார்கள் என்று நன்றாகவே தெரியும்.

2012 டிசம்பரில் அன்பாரில் சன்னிகள் அரசை எதிர்த்துத் தெருவில் உட்கார்ந்தார்கள். காரணமில்லாமல் அல்ல. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தார்கள், பாத் கட்சிக்காரர் ஒழிப்புச் சட்டம் வேலைகளைப் பறித்திருந்தது. பிரதமர் நூரி அல்மாலிகி அந்தப் போராட்டத்தை நீர்க்குமிழி என்று இகழ்ந்தார். மேடையில் ஏறிய சிலர் சஃபவி அரசு என்றும் பாக்தாதுக்கு வருகிறோம் என்றும் முழங்கி, போராட்டத்தின் நியாயமான கோரிக்கைகளைத் தாங்களே மூழ்கடித்தார்கள். 2013 இறுதியில் மாலிகி ஒரு படி மேலே போய், ஹுசைனின் ஆட்களும் யசீதின் ஆட்களும் மறுபடியும் மோதுகிறார்கள் என்று பேசினார். ஒரு நாட்டின் பிரதமர் தன் குடிமக்களை நோக்கிச் சொன்னது இது. ஆறு மாதம் கழித்து, 2014 ஜூன் 10 அன்று, மோசுல் ஐ.எஸ். கையில் விழுந்தபோது, தங்களைக் காக்க வேண்டிய ராணுவத்தையே அந்நியப் படையாகப் பார்க்க அந்நகர மக்களில் பலர் பழகிப்போயிருந்தார்கள். இரண்டு நாள் கழித்துத் திக்ரீத் அருகே ஸ்பைக்கர் முகாமிலிருந்து வெளியேறிய பயிற்சி வீரர்களில் ஷியாக்களைப் பிரித்தெடுத்து, 1,500க்கும் மேற்பட்டவர்களை ஐ.எஸ். சுட்டுக் கொன்றது.

ஜூன் 13 அன்று கர்பலாவில் சிஸ்தானியின் பிரதிநிதி வாசித்த ஃபத்வா ஆயுதம் ஏந்தக்கூடிய 'குடிமக்கள்' என்றுதான் அழைத்தது, ஷியாக்கள் என்று அழைக்கவில்லை. வார்த்தை கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இருந்தும் திரண்டவர்கள் பெரும்பாலும் ஷியாக்கள், பின்னால் சில சன்னிக் குலங்களும் சேர்ந்தன. பத்து வருடமாகப் பிரித்துப் பேசிவிட்டு, ஒரே நாளில் சேர்த்துப் பேசினால் முழுதாக எடுபடாது.

இதே காலத்தில் சிரியாவிலும் இதே சொற்கள் வேலை செய்தன. 2006இல் இஸ்ரேலை எதிர்த்து நின்ற, லெபனானின் ஷியா இயக்கமான ஹிஸ்புல்லாவின் தலைவர் நஸ்ருல்லா படம் கெய்ரோ சன்னிகளின் கடைகளிலும் தொங்கியது. 2013இல் அசாத் அரசைக் காக்க அவருடைய படை சிரியாவுக்குள் போனபோது, டமாஸ்கஸ் அருகே இருக்கும், கர்பலாவுக்குப் பிறகு சிறைபிடிக்கப்பட்ட ஹுசைனின் சகோதரி ஸைனபின் தர்காவைச் சொல்லி, 'ஸைனப் இரண்டாம் முறை சிறைபிடிக்கப்பட மாட்டார்' என்று ஈராக்கிலிருந்தும் லெபனானிலிருந்தும் ஆள் திரட்டினார்கள். ஒரு சர்வாதிகாரியின் நாற்காலி நபிகளின் பேத்தியுடைய மானமாக மாறிவிட்டது. கத்தாரில் இருந்த சன்னி அறிஞர் கர்ளாவி, ஹிஸ்புல்லாவை, அதாவது 'இறைவனின் கட்சி'யை, 'ஷைத்தானின் கட்சி' என்று அழைத்து, முடிந்தவர்கள் போய்ச் சண்டையிடுங்கள் என்றார். இரண்டு அழைப்பையும் கேட்டுப் போன பையன்கள் அலெப்போவிலும் குசைரிலும் ஒருவரையொருவர் கொன்றார்கள்.

சவூதியும் ஈரானும் இந்தப் பேச்சைக் குழாய் போலத் திறந்து மூடுவதை 2016க்கும் 2023க்கும் இடையில் பார்க்கலாம். 2016 ஜனவரியில் ஷியா அறிஞர் நிம்ர் அல்நிம்ர் உட்பட 47 பேருக்குச் சவூதி மரண தண்டனை நிறைவேற்றியது, தெஹ்ரானில் சவூதித் தூதரகம் தாக்கப்பட்டது, உறவு முறிந்தது. அந்த வருடம் செப்டம்பரில் சவூதியின் தலைமை முஃப்தி, ஈரான் தலைவர்கள் மஜூஸிகளின் பிள்ளைகள், முஸ்லிம்களே இல்லை என்றார். 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் வைத்து இரண்டு நாடுகளும் சமாதானம் பேசி உறவைப் புதுப்பித்தன. மஜூஸிகளோடு கைகுலுக்கலாமா என்று யாரும் மார்க்க விளக்கம் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை.

பாகிஸ்தானைப் பற்றி ஒரு சிறு குறிப்பு மட்டும். 1980இல் ஜெனரல் ஜியா, வங்கிக் கணக்குகளிலிருந்து ரமளான் முதல் நாளில் 2.5 சதவீதம் ஜகாத்தை அரசே பிடித்துக்கொள்ளும் சட்டம் கொண்டுவந்தார். ஷியாக்கள் இஸ்லாமாபாதில் திரண்டு எதிர்த்து விலக்கு வாங்கினார்கள். விளைவாக, உறுதிமொழிப் படிவத்தில் தன்னை ஷியா என்று எழுதிக் கொடுத்து ஜகாத் பிடித்தத்திலிருந்து தப்பித்த சன்னிகளும் உண்டு. வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் அதுவரை வங்கிக்குத் தேவைப்படாத ஒரு விவரம் அன்றிலிருந்து தேவைப்பட்டது. ஐந்து வருடம் கழித்து, ஷியா நிலக்கிழார்கள் ஆதிக்கம் செலுத்திய ஜங் மாவட்டத்தில், ஷியா எதிர்ப்பையே ஒற்றைக் கொள்கையாகக் கொண்ட சிபாஹே ஸஹாபா பிறந்தது. நிலக்கிழாரை எதிர்க்க வேண்டிய கோபம் பக்கத்து வீட்டு ஷியா தையல்காரர் மேலும் திரும்பியது.

மறுபடி ஈராக். 2019 அக்டோபரில் பாக்தாதின் தஹ்ரீர் சதுக்கத்திலும் பஸ்ரா, நாசிரிய்யா, நஜஃப், கர்பலா தெருக்களிலும் இளைஞர்கள் கூடினார்கள், பெரும்பாலும் ஷியா வீட்டுப் பிள்ளைகள். 'எங்களுக்கு ஒரு தாயகம் வேண்டும்' என்பது அவர்கள் முழக்கம். வேலை, மின்சாரம், முஹாஸஸா ஒழிப்பு, ஈரான் தலையீடு வேண்டாம் என்று கேட்டார்கள். நவம்பரில் நஜஃபிலேயே, ஷியாக்களின் புனித நகரிலேயே, ஈரான் துணைத் தூதரகம் எரிந்தது. தங்கள் பெயரில் ஆளும் ஷியாக் கட்சிகளைப் பார்த்து ஷியாப் பிள்ளைகளே திருடர்கள் என்று கத்தும்போது சஃபவி, தக்ஃபீரி எதுவும் பொருந்தவில்லை. உடனே புதிய சொற்கள் வந்தன: 'ஜோக்கர்கள்', 'தூதரகப் பிள்ளைகள்', அதாவது அமெரிக்காவின் ஆட்கள். சொல் புதிது, வேலை பழையது. ஒரு குடிமகனின் கோரிக்கையை வெளிநாட்டுச் சதியாக்குவது, பிறகு சுடுவது. ஏறத்தாழ 600 பேர் இறந்தார்கள்.

ஆனாலும் அந்தப் பிள்ளைகள் ஒன்றை உடைத்தார்கள். இன்று ஈராக்கின் மேடைகளில் ஹுசைன், யசீது பேச்சு 2013 போலக் கைதட்டல் வாங்குவதில்லை. 2018 தேர்தலில் முக்ததா அல்சதரின் கூட்டணி கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து நின்று முதலிடம் வந்ததே அதற்கு முன்னறிகுறி. பேச்சு வலுவிழந்த இடத்தில் சட்டம் வருகிறது என்பதுதான் எனக்குள்ள கவலை. 1959இல் ஈராக் இயற்றிய 188ஆம் எண் தனிநபர் சட்டம், திருமணம், மணமுறிவு, பிள்ளை வளர்ப்பு, வாரிசுரிமை எல்லாவற்றிலும் சன்னிக்கும் ஷியாவுக்கும் ஒரே சட்டமாக இருந்தது, கலப்புத் திருமணத்துக்கு அது பெரிய நிழல். 2003 டிசம்பரில் ஆளும் குழு அதை நீக்கப் பார்த்தது, பெண்கள் தெருவில் இறங்கியதால் இரண்டே மாதத்தில் பின்வாங்கியது. 2025 ஜனவரி 21 அன்று நாடாளுமன்றம் அதைத் திருத்தி, மண ஒப்பந்தத்திலேயே எந்த வழிமுறை என்று தேர்ந்தெடுக்க இடம் கொடுத்தது, ஷியாக்களுக்குத் தனித் தொகுப்புக்கும் வழி வைத்தது. அந்தச் சட்டம் தனியாக வாக்கெடுப்புக்கு வரவில்லை. சன்னி உறுப்பினர்கள் கேட்ட பொது மன்னிப்புச் சட்டத்தையும், குர்துகள் கேட்ட நில மீட்புச் சட்டத்தையும் அதோடு சேர்த்து, மூன்றையும் ஒரே கட்டாக நிறைவேற்றினார்கள்.